பக்கவாதத்துக்குப் பிறகு எதை வாங்குவது? தர்மபுரி, கிருஷ்ணகிரி சர்ஜிக்கல் கடைச் சாமான்கள் ஒரு பார்வை

பக்கவாத நோயாளியை டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியிலேயே பல குடும்பங்கள் சர்ஜிக்கல் கடையில் வண்டியை நிறுத்துகின்றன. தர்மபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும் ஓசூரானாலும் கடையில் இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான்: வாக்கர், நாலு கால் ஊன்றுகோல், தோளுக்குக் கப்பி, கைக்கு ஸ்பிளிண்ட் (மூட்டை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் பட்டை), காலுக்கு ஸ்பிளிண்ட், ஸ்மைலி பந்து, ‘கரண்ட் மெஷின்’, வைப்ரேட்டர். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் குடும்பம் கேட்கிறது, கேட்டதைக் கடைக்காரர் எடுத்துத் தருகிறார். இவற்றில் சில நிச்சயம் தேவை, சில வீண், ஒன்று கெடுதலே செய்யும். நல்ல பலன் தரக்கூடிய ஒரு சாமானோ அந்தக் கடையில் இருப்பதே இல்லை.

எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதை வாங்கினால் விளங்காத கையும் காலும் தாமாக வேலை செய்யப் பழகுமா, அல்லது இந்தப் பொருள் அவற்றைச் சும்மா தூக்கி, நீட்டி, பிடித்து வைத்திருக்குமா? மூளையில் செத்துப் போன பகுதிக்குப் பதிலாக மற்ற பகுதிகள் பொறுப்பேற்பது, நோயாளி தானே முயன்று ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான். கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்த அடிப்படையில்தான்.

காசைவிட நாள் முக்கியம். 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 72 பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலகட்டங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அதைப் பெற்றவர்களின் கை மிக நன்றாகத் தேறியது. முதல் மாதத்திலேயே பெற்றவர்களுக்கு அதைவிடக் குறைவான பலன். ஆறு மாதம் தாண்டிப் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. நம் பக்கத்தில் அந்த முதல் மூன்று மாதம் எதில் போகிறது? ஒரு மண்டலம் எண்ணெய் தேய்ப்பு, பிறகு இன்னொரு ஊர் வைத்தியர், நடுவில் புறா ரத்தம் பூசுதல். எண்ணெய் தேய்ப்பது உடம்புக்கு இதமாக இருக்கலாம். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப் போட்டால் திரும்பக் கிடைக்காத நாட்கள் போய்விடும். அவசரப்பட்டு முதல் நாளே நடக்க விடுவதும் கூடாது. 2,104 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக நேரம் உட்கார, நிற்க, நடக்க வைத்தவர்களில் 46 சதவீதம் பேர்தான் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான பராமரிப்பில் அது 50 சதவீதம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எப்போது எழுப்புவது என்பதை வார்டு மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி சாமான்கள்.

வாக்கரை முதலில் தள்ளிவிடலாம். அது இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைக்கும் பொருள். ஒரு கையில் பிடிப்பு இல்லாதவர் தூக்கினால் வாக்கர் ஒரு பக்கமாகத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். இடுப்பெலும்பு முறிவுக்கு வாங்கியதை அப்படியே பக்கவாதத்துக்கும் கொடுத்துவிடும் வழக்கத்தால் விழுந்தவர்கள் நிறைய.

வாங்க வேண்டியது நாலு கால் ஊன்றுகோல், அதுவும் சின்ன அடித்தட்டு உள்ளது. பெரிய அடித்தட்டு டைல்ஸ் தரையில் நன்றாக நிற்கும். ஆனால் பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து வீடுகளின் கல் முற்றத்தில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் படாது, ஆடும். குறுகலான வாசற்படியிலும் அது அடங்காது. உயரம் வைப்பது எப்படி: நோயாளி வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கட்டும், நல்ல கையைத் தொங்க விடட்டும். மணிக்கட்டு மடிப்புக்கு நேரே கைப்பிடி வர வேண்டும். பிடித்ததும் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கும். அதற்கு மேல் உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையானால் ஆள் அந்தப் பக்கம் சாய்வார். ஊன்றுகோல் எப்போதும் நல்ல கையில்தான். அடித்தட்டில் இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டும் இரண்டு கால் தண்டை ஒட்டியும் இருக்கும். ஒட்டியிருக்கும் பக்கம் உடம்பை நோக்கி வர வேண்டும். இது தலைகீழாக மாட்டியிருந்தால் ஒவ்வோர் அடிக்கும் நோயாளி அதன் காலில் இடறுவார். பித்தானை அமுக்கி அடித்தட்டை 180 டிகிரி திருப்பினால் சரியாகிவிடும், கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். நடக்கும் வரிசை: முதலில் கோல், பிறகு பலவீனமான கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலவீனமான கால் முன்னே.

தோளுக்கான கப்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கெடுதல் செய்யும் பொருள் இதுதான். கதவுக்கு மேல் மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மறுமுனையில் உள்ள விளங்காத கையைத் தூக்குவது. பார்க்க நல்ல பயிற்சியாகத் தெரியும். 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 28 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். சிகிச்சையாளர் கையால் அசைத்துக் கொடுத்த பிரிவில் 8 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. மேசைமேல் சக்கரப் பலகையில் கையை வைத்து உருட்டிய பிரிவில் 12 சதவீதம். கப்பிப் பிரிவில் 62 சதவீதம். சின்ன ஆய்வுதான் என்றாலும் காரணம் உடற்கூறிலேயே இருக்கிறது. கையை மேலே தூக்கும்போது தோள்பட்டை எலும்பு திரும்ப வேண்டும், மேல்கை எலும்பு வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும், மூட்டுக் கிண்ணத்தில் அதைப் பிடித்து வைக்கும் தசைகள் இறுக வேண்டும். வாதம் வந்த தோளில் மூன்றும் நடப்பதில்லை. கப்பி கையை மட்டும் மேலே இழுக்கிறது, எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைநார் நசுங்குகிறது. தோள்வலி வந்துவிட்டால் நோயாளி கையைத் தொடவே விடமாட்டார், மற்ற எல்லாப் பயிற்சியும் அதோடு நின்றுவிடும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் இதே கெடுதலைச் செய்யும். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

கழுத்தில் மாட்டும் கைத்தொட்டில் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போதும். உட்கார்ந்ததும் கழற்றி, மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை நீட்டி வைக்க வேண்டும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகும்.

கை ஸ்பிளிண்டுக்கு அவசரப்பட்டுக் காசு போட வேண்டாம். விரல்கள் மடங்கி இறுகாமல் தடுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 2007-இல் 63 பேரை வைத்து, நான்கு வாரம் இரவு முழுக்க ஸ்பிளிண்ட் மாட்டிப் பார்த்த ஆய்வில், மாட்டாதவர்களைவிட இறுக்கம் குறையவில்லை. 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இப்படியான நீட்டி வைக்கும் சிகிச்சைகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் மூட்டு அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகும் அளவுக்கு இறுகியிருந்தால் தேவைப்படும். அப்போதும் சுத்தமான பருத்தித் துணியைச் சுருட்டி வைப்பது பல பேருக்குப் போதும்.

கால் ஸ்பிளிண்ட் அப்படியல்ல. நடக்கும்போது முன்பாதம் தொங்கி, தரையில் உரசி, இடறுகிறவருக்கு இது உடனே உதவும். இதை நோயாளியைக் கூட்டிப் போய்த்தான் வாங்க வேண்டும். மாட்டிப் பார்க்கும்போது கணுக்கால் 90 டிகிரியில் நிற்கிறதா, குதிகால் அடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் விளிம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே தட்டுப்படும் சின்ன எலும்பு முண்டுக்கு இரண்டு விரல் கீழேயே முடிய வேண்டும். அங்கே ஓடும் நரம்பை அது அழுத்தினால் பாதம் இன்னும் மோசமாகத் தொங்கும். சாக்ஸ் போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஹவாய் செருப்பு இதைத் தாங்காது, வெறும் பிளாஸ்டிக்கோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். பின்பட்டையும் வெல்க்ரோவும் உள்ள, வழக்கமான அளவைவிட ஒரு நம்பர் பெரிய சாண்டல் வாங்குங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் ஸ்பிளிண்ட் அழுத்துகிறது. சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பக் கூடாது.

கரண்ட் மெஷின் விஷயத்தில் கடையில் பெரிய குழப்பம் நடக்கிறது. டென்ஸ் என்று எழுதியிருப்பது வலி குறைக்க. தசையைச் சுருங்க வைப்பது மசில் ஸ்டிமுலேட்டர். பெட்டி ஒரே மாதிரி இருப்பதால் முன்னதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ‘விட்டு விட்டு’ வேலை செய்யும் அமைப்பு, அதாவது சில நொடி மின்சாரம், சில நொடி ஓய்வு, இருக்கிறதா என்று கேளுங்கள். நொடிக்கு 30 முதல் 50 துடிப்பு வைக்க முடிய வேண்டும். முன்கையின் பின்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு பேடு, முன்கையின் நடுவில் இன்னொன்று. மணிக்கட்டு நேராக எழும்ப வேண்டும். கட்டைவிரல் பக்கம் சாய்ந்து எழும்பினால் பேடுகளைச் சுண்டுவிரல் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்துங்கள். மின்சாரம் வரும் அந்த நொடியில் நோயாளியும் கையைத் தூக்க முயல வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே மாட்டிக்கொண்டால் பயன் மிகக் குறைவு. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. இயன்முறை மருத்துவர் ஒரு தடவை நேரில் வைத்துக் காட்டாமல் இதை வாங்கவே வேண்டாம். வைப்ரேட்டர் மசாஜரை வாங்கிக் கையின் வேலை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸ்மைலி பந்தும் எனக்கு உடன்பாடில்லாத பொருள். வாதம் வந்த கையில் மூடுவது முதலில் திரும்பும், திறப்பதுதான் வராது. பந்தை அமுக்கி அமுக்கி மூடுவதையே பழக்குவானேன்? டம்ளரைப் பிடித்துவிட்டு விடமுடியாமல் தவிப்பதுதான் பெரும்பாலோர் படும் கஷ்டம். விடுவதைப் பழக்குங்கள்.

மூக்கு வைத்த பீடிங் கப்பையும் தவிர்த்துவிடுங்கள். அதில் குடிக்கத் தலையை அண்ணாந்தாக வேண்டும், தண்ணீர் மொத்தமாகத் தொண்டைக்கு ஓடும், புரையேறி நுரையீரலுக்குள் போகும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் கொடுப்பதே பாதுகாப்பு. நம் ஊர்க் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது வழக்கம். விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை களி வேண்டாம்.

இப்போது, சர்ஜிக்கல் கடையில் இருப்பதே இல்லை என்று சொன்ன அந்தச் சாமான்: முகம்பார்க்கும் கண்ணாடி. கண்ணாடிக் கடையில் 12-க்கு 18 அங்குல முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பிளைவுட்டில் ஒட்டி, நேராக நிற்க இரண்டு கட்டை வைத்து வாங்குங்கள். மலிவான மெல்லிய கண்ணாடியில் உருவம் நெளியும், அது உதவாது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் உருவாக்கிய முறை இது. 1999-இல் பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் செய்து பார்த்தார்கள். 2018-இல் காக்ரேன் 62 ஆய்வுகளை, 1,982 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்துக் கை கால் அசைவு மேம்படுகிறது என்று சொன்னது.

செய்முறை: மேசை முன் நோயாளியை நெஞ்சு மேசைக்கு ஒட்ட உட்கார வையுங்கள். கண்ணாடியை உடம்பின் நடுக்கோட்டில், இரண்டு கைக்கும் நடுவே நிறுத்துங்கள். பளபளக்கும் முகம் நல்ல கையைப் பார்க்க வேண்டும், விளங்காத கை கண்ணாடிக்குப் பின்னால் மறைய வேண்டும். நல்ல கையில் மோதிரம், வளையல், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடியில் தெரியும் கை தன் விளங்காத கைதான் என்று மூளை நம்ப வேண்டும், இல்லாத வளையல் அங்கே தெரிந்தால் அது நம்பாது. நல்ல கையை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள்: மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை விரிப்பது, கட்டைவிரலை ஒவ்வொரு விரலிலும் தொடுவது. கண் கண்ணாடியில் மட்டும் இருக்க, பின்னால் உள்ள கையும் அதையே செய்ய முயல வேண்டும். தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம். கெட்டுப் போவது எங்கே என்றால், நோயாளி கண்ணாடியை விட்டு நல்ல கையையே நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். உடன் இருப்பவர் முகத்தைக் கவனித்துத் திருப்பிவிட வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடமாகக் குறைத்துத் தொடங்கலாம்.

கை சற்று அசைய ஆரம்பித்ததும் சமையலறைதான் பயிற்சிக்கூடம். 2009-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அமர்வுகளை நேரில் எண்ணிப் பார்த்தார்கள். ஓர் அமர்வில் கை உண்மையான வேலையைச் செய்தது சராசரியாக 32 தடவைதான். விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்குச் சில நூறு தடவை தேவைப்பட்டது. ஒரு மணி நேரத்தில் 300-க்கு மேல் செய்ய முடியும் என்று பிறகு காட்டினார்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் மந்திரம் இல்லை. 85 பேரை வைத்து மொத்தம் 3,200, 6,400, 9,600 தடவை என்று பிரித்துச் செய்த 2016 ஆய்வில், அதிகம் செய்தவர்கள் அதிகம் தேறிவிடவில்லை. ஆகவே நூறு தடவை சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையை ஏற்றாமல் வேலையைக் கடினமாக்குங்கள். காலி டம்ளரை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நகர்த்துவது, பிறகு அதில் பாதி தண்ணீர், பிறகு உயரமான அலமாரியில் வைப்பது. துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது. பச்சை அவரைக்காய் உரிப்பது. தட்டில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது.

மணிக்கட்டையும் விரல்களையும் 10 டிகிரியாவது தாமாகத் தூக்க முடிகிறவர்களுக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, விளங்காத கையையே வேலை செய்ய வைக்கும் முறை உண்டு. 222 பேரை வைத்து 2006-இல் வந்த ஆய்வில், இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை மாட்டித் தினம் ஆறு மணி நேரம் வரை பயிற்சி கொடுத்தார்கள், பலன் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. தடித்த பருத்திக் கையுறையே போதும். நடக்கும்போதும், படி ஏறும்போதும், அடுப்பருகிலும் கழற்றிவிட வேண்டும்.

பெங்களூரு, சேலம் போனால் மெஷினில் நடக்க வைப்பார்களே என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. உடம்பைக் கட்டித் தூக்கி டிரெட்மில்லில் நடக்க வைத்ததும், சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து வலுவும் சமநிலையும் பழக்கியதும் ஒரே பலனைத் தந்தன என்று 408 பேரை வைத்த ஆய்வு 2011-இல் காட்டியது. கைக்கான ரோபோவும் 770 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த 2019 ஆய்வில் வழக்கமான சிகிச்சையை வெல்லவில்லை. கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வரும் அந்த ஆள் தேவை. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமா என்று இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும், குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்த பிரிவிலும் வழக்கமான பராமரிப்புப் பிரிவிலும் 47 சதவீதம். குடும்பத்தின் அன்பில் குறையில்லை, எப்போது எதைக் கடினமாக்குவது என்று பார்த்துச் சொல்லப் பயின்ற ஆள் வேண்டும் என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்த ஆளை இலவசமாகத் தருவது, வீடு தேடி வந்து சிகிச்சை தரும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்பதால் அடிக்கடி வர முடியாது, மலைக் கிராமங்களுக்கு இன்னும் தாமதமாகும். இது அந்தச் சேவையின் உண்மையான குறை. வரும் நாளை வீணாக்காதீர்கள். கை கால் பிடித்துவிடச் சொல்லாமல், அடுத்த முறை வரும்வரை செய்ய வேண்டிய வேலைகளையும் எண்ணிக்கையையும் தாளில் எழுதி வாங்குங்கள், நோயாளி செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியையும் ஊன்றுகோலையும் அவர் முன்னால் சரிபாருங்கள். பெயர் பதிய ஊர் சுகாதாரத் தன்னார்வலரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ டிஸ்சார்ஜ் அட்டையோடு முதல் வாரத்திலேயே பாருங்கள்.

கால் ஸ்பிளிண்டையும் சக்கர நாற்காலியையும் காசு கொடுத்து வாங்குமுன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் பில் போட்டு, அளவு சரியில்லை என்றால் மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். ஊன்றுகோலுக்கு நாலு ரப்பர் புஷ் உபரியாகக் கேளுங்கள், குழாயின் விட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். கரடுமுரடான தரையில் புஷ் சீக்கிரம் தேயும், உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.